ஊசிமுனை கிடைக்காத சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை. திருப்பூர் நல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நடந்தது இது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீழே கட்டிங், மேலே தையல், மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் செக்கிங்கும் அயர்னிங்கும். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிறோம், அவ்வளவுதான்.

என் அப்பா டெய்லர். அம்மா, தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். படித்ததால் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்பும் வேலை கிடைத்தது. அவர்கள் கேட்பதை இங்கே சொல்ல வேண்டும். இங்கே நடப்பதைக் கொஞ்சம் நாசூக்காக அங்கே சொல்ல வேண்டும்.

அந்தச் சமயம் கென்யாவிலிருந்து ஒரு பெண் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்தார். ஊருக்குத் திரும்பியதும் சொந்தமாக ஒரு தையல் யூனிட் தொடங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. எங்களுக்கு ஆர்டர் தரும் ஐரோப்பிய நிறுவனம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. பயிற்சியின் முடிவில் ஒரு லைனை, அதாவது ஒரு வரிசைத் தையல் மெஷின்களை, அவரே நின்று நடத்தி, கைக்குழந்தைச் சட்டைகளில் ஒரு சின்ன ஆர்டரை முடிக்க வேண்டும். திங்கட்கிழமை அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஓகே சொன்னால், அவருடைய யூனிட்டுக்கு முதல் ஆர்டர் உறுதி. இல்லையென்றால் அன்று மாலை வெறும் கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

டெய்லர்கள் அவரை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ‘சரிங்க’ என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டு, டீக்காரரிலிருந்து முதலாளி வரை எல்லாரிடமும் அதையே சொல்லிச் சமாளிப்பார். அவருடைய அம்மா சந்தையில் பழைய துணி விற்கிறவராம். பணக்கார நாடுகளில் போட்டுக் கழித்த உடுப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குமாம். அம்மிணி சிறுவயதில் போட்ட சட்டைகள் பலவற்றின் கழுத்தில், இந்தியாவில் தயாரானது என்று இருக்குமாம். “உங்கள் சட்டை சீக்கிரம் கிழியாது” என்று மனதாரப் பாராட்டினார். நாங்கள் தைத்து, ஐரோப்பாவில் ஒரு குழந்தை போட்டுச் சலித்து, அதன் பிறகு இவரிடம் போயிருக்கிறது. பெருமைப்படுவதா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதிய டீ முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தைக்கும் அக்காவின் மெஷினில் ஊசி உடைந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் குழந்தை உடுப்பில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, சேர்த்து ஒட்டி, முழு ஊசியாகக் காட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினில் இருந்த பண்டில், அந்தச் சட்டைக் கட்டு முழுவதும், ஆர்டரிலிருந்து வெளியே போய்விடும். எங்கோ ஒரு குழந்தையின் முதுகில் அந்த முனை ஏறிவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி.

காந்தத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். மற்ற துண்டுகள் கிடைத்தன. முனை மட்டும் கிடைக்கவில்லை.

சூப்பர்வைசர் அண்ணன் நல்ல மனிதர். அந்தப் பெண் தோற்றுவிடக் கூடாதே என்ற பதற்றம் அவருக்கு. என் காதருகே வந்து, “தம்பி, பழைய ஊசி முனை ஒண்ண ஒட்டி உட்டுட்டா ஆருக்குத் தெரியப் போகுது? அம்மிணிகிட்டச் சொல்லு” என்றார். சொன்னேன். எதற்கும் ‘சரிங்க’ என்கிறவர், முதல் முறையாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

“செரி, அப்ப அந்தப் பண்டில லோக்கலுக்குத் தள்ளீரலாம்” என்றார் அண்ணன்.

அதையும் மொழிபெயர்த்தேன். லோக்கல் என்றால் யார் என்று அவர் கேட்டார். ஏற்றுமதியில் கழிந்ததை இங்கே கடைகளில் விற்பார்கள், நம் ஊர் ஜனங்கள் வாங்குவார்கள் என்றேன்.

“குழந்தைகளுக்கா?”

“ஆமாம்.”

“முனை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இதே சட்டைகளையா?”

நான் வளர்ந்ததே கழித்துப் போட்ட சட்டைகளில்தான். விலை மலிவு என்று அம்மா பார்த்துப் பார்த்து எடுத்து வருவார். எதற்காகக் கழித்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“எங்கள் ஊருக்கும் எல்லாம் இப்படித்தான் வரும், வேறு யாரோ வேண்டாம் என்று சொன்ன பிறகு” என்றார் அவர். கோபமே இல்லாத குரல். இந்தப் பண்டிலை வெட்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

அண்ணன் திடுக்கிட்டுவிட்டார். “நல்ல துணியை வெட்டறதா? மொதலாளி கேட்டா நான் என்னங்க சொல்றது?”

அதுவரை குனிந்தே இருந்த ஓவர்லாக் அக்கா எழுந்து வந்தார். “ஏனுங், போன மாசம் என்ற பேத்திக்கு லோக்கல் சட்டைதானுங்க எடுத்துட்டுப் போனேன். அப்ப அவ தோலு என்ன தகரமாங்க?” என்று சொல்லி, கத்தரியை எடுத்து மேலே இருந்த சட்டையைக் குறுக்கே ஒரே வெட்டு. “ஊசி ஒடச்சவ நானு. என்ற பேரச் சொல்லுங்க.”

அண்ணன் தலையைச் சொறிந்தார். “உங்க பேர எதுக்குங்க சொல்லோணும்? வெட்டுங்க, வெட்டுங்க. நானே பேசிக்கறேன்.”

வெட்டியாகிவிட்டது. ஆனால் ஆர்டர் குறைகிறதே? சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் டெய்லர்களைப் பிடித்து வைப்பது நடக்கிற காரியமில்லை. வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் சந்தை, கறிக்கடை, ஊருக்குப் போகும் பஸ் என்று பறந்துவிடுவார்கள். அன்றும் சம்பளம் கொடுத்தாயிற்று. ஆனால் ஓவர்லாக் அக்கா சம்பளக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி மெஷினில் போய் உட்கார்ந்தார். அந்த லைனில் ஒருவர்கூடக் கிளம்பவில்லை. கட்டிங் மாஸ்டர் மீதித் துணியை வெட்டி மேலே அனுப்பினார். அந்தப் பெண் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்று ‘சரிங்க, சரிங்க’ என்றார். அன்றைக்கு அந்தச் சொல்லில் நன்றி, மன்னிப்பு எல்லாமே இருந்தது.

“இங்கிலீசு சாரு, வேடிக்க பாத்தது போதுங்க. பிசிறாவது வெட்டுங்க” என்றார் அக்கா. அம்மா வாழ்நாளெல்லாம் செய்யும் வேலையை அன்றுதான் நான் செய்தேன். விளக்குப் போடும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, ஊசி உடைந்ததையும் முனை கிடைக்காததையும் அந்தப் பெண் சொல்லிவிட்டார். வெட்டிய துண்டுகளைப் பையோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒதுக்கி வைத்தாலே எங்களுக்குப் போதுமே, ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். “ஒதுக்கினால் வேறொரு குழந்தை போட்டிருக்கும்” என்றார் அம்மிணி. இன்ஸ்பெக்டர் பையை ஓரமாக வைத்துவிட்டு, தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓகே சொன்னார்.

இப்போது அந்தப் பெண்ணின் யூனிட் நடக்கிறது. ஏற்றுமதியோடு அவருடைய ஊர்ச் சந்தைக்கும் புதுச் சட்டைகள் தைக்கிறார்கள். அவர் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு காந்தம் தொங்குகிறது. எங்கள் கம்பெனியிலும், முனை கிடைக்காத பண்டில் இப்போதெல்லாம் லோக்கலுக்குப் போவதில்லை. அதற்கு ‘அம்மிணி சட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறார் சூப்பர்வைசர் அண்ணன்.

வளர்ந்த நாடு, வளரும் நாடு என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். சாலை, சம்பளம், கட்டிடம் இவற்றில்தான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். போன மாதம் தங்கையின் குழந்தைக்குச் சட்டை வாங்கியபோது, அதை உள்புறமாகத் திருப்பி, தையல் ஓரமெல்லாம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அந்த ஊசிமுனை விதி பொருந்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க, கடல் தாண்டி ஒருத்தி வர வேண்டியிருந்தது என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.