டயானா அக்கா பெயர் வைத்த ஆறு சுரூபங்கள்

ஊரூர் குப்பத்தில் டயானா அக்காவிடம் மீன் வாங்கப் போனால் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு வர முடியாது. எந்த மீனுக்கு எவ்வளவு புளி, பெசன்ட் நகர் டாக்டர்களில் யார் தேவலை, மருமகளை எங்கே கண்டிக்கலாம், எங்கே கண்டும் காணாமல் விடலாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். சனிக்கிழமைகளில் எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோயிலைப் பெருக்க வருவார். முப்பது வருஷமாக ஞாயிறு பூசையின் பைபிள் வாசகம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை, கேட்டதை மறந்ததுமில்லை.

போன வருஷம் பிரான்ஸில் குடியேறிய ஒரு குடும்பம் கோயிலுக்கு ஆறு சுரூபங்கள், அதாவது சிலைகள், அனுப்பியது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கல் சிற்பங்களைப் பார்த்து அச்சு எடுத்தவை, ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். எல்லோரும் பைபிளில் வரும் இறைவாக்கினர்கள், அதாவது தீர்க்கதரிசிகள், என்பது மட்டும் தெரிந்தது. யார் யார் என்று எழுதியிருந்த தாள் மழையில் கூழாகியிருந்தது. அனுப்பியவர்களுக்கும் ஞாபகமில்லை. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

பங்குப் பேரவைச் செயலாளர் ஜவஹர் சார் ஆதம்பாக்கத்திலிருந்து கண்ணாடியும் நோட்டுமாக வந்தார். "கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்" என்று தொடங்கினார். அவர் நோட்டைத் திறப்பதற்குள் டயானா அக்கா துடைப்பத்தோடு வரிசையின் நடுவில் வந்துவிட்டார்.

"ரெண்டு பலகை கீது, மோசே. யாழ் கீது, தாவீது. காலடியில சிங்கம், தானியேல். இவரு மீன் வாயிலேர்ந்து வராரு, யோனா." அங்கே மட்டும் நின்று குனிந்து பார்த்தார். "இது இன்னா மீனு? செதிலும் கீது, காதும் கீது! செதுக்குனவன் கடலையே பார்த்திருக்க மாட்டான்."

ஐந்தாவது ஆள் கையில் தட்டையாக ஏதோ இருந்தது. "பெரிய புத்தகம்" என்றார் ஜவஹர் சார்.

"புஸ்தகத்துக்குக் கீழ படிக்கட்டு வெப்பாங்களா சார்? இது வாசலு. பூட்டின வாசலு."

பங்குத்தந்தை ராபர்ட் சாமி பைபிளைப் புரட்டினார். இறைவாக்கினர் எசேக்கியேல் காட்சியில் கண்ட, மூடியே இருக்க வேண்டிய வாயில் அதில் இருந்தது. ஜவஹர் சார் நோட்டில் எழுதியதை அடித்தார். அடித்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

அந்த வெற்றிதான் வினையானது. ஆறாவது ஆள் ஒரு கையில் தோல்சுருளும் மறு கையில் நீளமான ரம்பமும் வைத்திருந்தார். "தச்சு வேலை. இயேசுவ வளத்த நம்ம சூசையப்பரு!" என்றார் அக்கா.

"சூசையப்பர் இறைவாக்கினர் இல்லையேம்மா" என்றார் ஜவஹர் சார்.

"அஞ்சு பேர் அவ்ளோ தூரத்துலேர்ந்து வராங்க. துணைக்கு ஒருத்தர் வந்திருப்பாரு."

ராபர்ட் சாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பந்தல்காரர் கூப்பிட்டார். ஜவஹர் சார் போய், அக்கா சொன்னபடியே பெயர்ப்பலகை அச்சடித்து வந்தார்.

சூசையப்பர் அமோகமாக ஓடினார். வீடு கட்டுகிறவர்கள், வீடு தேடுகிறவர்கள், வீட்டுக்காரரோடு தகராறில் இருப்பவர்கள் எல்லாரும் வந்தார்கள். ரம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கொட்டிவாக்கத்தில் பாதியில் நிற்கும் வீட்டுக்காக அனு என்ற பெண் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கினாள்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, சுரூபங்களுக்கு மரப்பீடம் செய்யும் தச்சர் மெஹபூப் பாஷா அளவெடுக்க வந்தார். ரம்பத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க சாமியோட பார்ட்னர் எங்க?" என்றார்.

"இன்னா பார்ட்னரு?"

"ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு பாருங்க. எதிர்ல ஒருத்தர் நின்னு இழுக்கணும். தனி ஆளு இத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

"உன் வேலையப் பாரு நைனா" என்று அனுப்பிவிட்டார் அக்கா. ஆனால் மறுநாள் வஞ்சிரம் கேட்டவருக்குச் சங்கராவை வெட்டிக் கொடுத்தார். இரண்டாவது முறையும் அதையே செய்தபோது கூடையை மூடிவைத்துவிட்டு நேராக ராபர்ட் சாமியிடம் போனார்.

சாமி இரண்டு புத்தகங்களை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். பழைய யூத மரபில் ஒரு கதை உண்டு. மனாசே அரசன் எசாயா என்ற இறைவாக்கினரை ரம்பத்தால் அறுத்துக் கொன்றான். அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒருவர் எதனால் செத்தாரோ அதையே அடையாளமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

டயானா அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். "அவர அறுத்த ரம்பமா அது? அதையா எங்க ஜனங்க தொட்டுக் கும்புட்டுக்கினு கீறாங்க? நான்தான சாமி சொன்னேன்."

அடுத்த நாள் பூசை முடிந்ததும் யாரும் கூப்பிடாமலேயே மைக்குக்கு முன்னால் போய் நின்றார். "அது சூசையப்பர் இல்ல. எசாயா. தப்பா சொன்னது நானு" என்றார். எப்போதும் மைக் தேவைப்படாத குரல் அன்று மைக்கிலும் சரியாகக் கேட்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் "இன்னாவாம்?" என்று கேட்க, இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

ஜவஹர் சார் எழுந்து வந்து பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். 'இறைவாக்கினர் எசாயா' என்று அச்சடித்திருந்தது. ஓரத்தில் தூசி.

"எப்ப அடிச்சீங்க இத?"

"அன்றைக்கே, சூசையப்பர் பலகையோடு சேர்த்துத்தான்."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"சொன்னால் விட்டிருப்பீர்களா?"

அக்கா யோசித்தார். மாட்டேன் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. பலகையை வாங்கித் தன் முந்தானையால் துடைத்து, தானே மாட்டினார்.

வாசலில் அனு முகம் வாடி நின்றாள். "அக்கா, ஆறு நாள் முடிச்சிட்டேன். இப்ப இன்னா பண்றது?"

டயானா அக்கா உள்ளே திரும்பி எசாயாவைப் பார்த்தார். "தன்னக் கொன்ன ரம்பத்தையே கையில புடிச்சிக்கினு பதறாம நிக்கிறாரு பாரு. உன் வீட்டுக் கஷ்டத்த அவரு கேக்க மாட்டாரா? மீதி மூணு நாளும் வா. நானும் வரேன். ரம்பத்த மட்டும் தொடாத."