காந்தம் தேடி ஒரு சனிக்கிழமை

எழுபதுகளின் தொடக்கம். பள்ளி அறிவியல் நூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். அடையாறு அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த பதிப்பாசிரியர் அம்மா, காந்தம் வடசொல் என்று அடித்துவிட்டு ‘இரும்பிழுப்பி’ என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சனிக்கிழமை நாலு மணிக்குள் தக்க காரணம் சொன்னால் காந்தம் நிற்கும், இல்லாவிட்டால் அச்சுக்கு இரும்பிழுப்பிதான் போகும் என்றார்.

மற்ற மொழிகளில் காந்தத்துக்கு என்ன பெயர் என்று விசாரிக்க, சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு பஸ் ஏறினேன். தி.நகர் எட்டு கிலோமீட்டர். (உட்கார இடம் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.) அங்கே உருது பேசும் ரேடியோ மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் வீட்டில் அது மிக்னாதீஸ். ஆங்கிலச் சொல்லைப் போலவே கிரேக்க நாட்டு ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. இந்தியில் சும்பக், அதாவது முத்தமிடுவது. சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத் துண்டும் கொடுத்தார்.

அடுத்து மயிலாப்பூர், நாலு கிலோமீட்டர். பதினொரு மணிக்கு ஒரு சமஸ்கிருத ஆசிரியர் வீட்டில் இருந்தேன். அயஸ்காந்தம் என்றால் இரும்புக்குப் பிரியமானது என்று விளக்கினார். என்ன அழகான பெயர்! ஆனால் அழகு என்பதை அந்த அம்மா காரணமாக ஏற்க மாட்டாரே என்றேன்.

“பக்கத்துத் தெருவுல ஒரு பத்தர் இருக்கார். தினம் காந்தத்தைக் கையில வெச்சுண்டுதான் வேலை. அவரைக் கேளுங்கோ” என்றார்.

அந்த நகைத் தொழிலாளி, அராவி விழுந்த தங்கப் பொடிமேல் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் பாடத்தின் முதல் வரியைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்: “இரும்பை இழுக்கும் பொருள் காந்தம்.”

அவர் சிரித்தார். பெரிய அரத்தைக் கீழே வைத்து, காந்தத்தை அருகில் விட்டார். காந்தம் போய் ஒட்டிக்கொண்டது.

“இப்ப யார் யாரை இழுத்தாங்க சார்? ரெண்டுக்குமே ஆசை கீது. எது கனமோ அது குந்திக்கினு கீது, லேசா கீறது ஓடுது.”

இயற்பியல் பட்டதாரியான எனக்கு முகம் சிவந்தது. அந்த அம்மாவிடம் காட்ட அரத்தை இரவல் கேட்டேன். அதன் பல்லில் தங்கம் இருக்கும், தர முடியாது என்றார். கிளம்பும்போது என் வேட்டியையும் பாதத்தையும் தூரிகையால் தட்டி, விழுந்த தூசியை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே வெளியே விட்டார்.

அடையாறு இன்னும் ஐந்து கிலோமீட்டர். மூன்றே முக்காலுக்கு அம்மாவின் கத்திரிக்கோல் அருகே ரேடியோக்காரர் தந்த துண்டை வைத்தேன். அது நகர்ந்து போய் ஒட்டியது. அவர் மூன்று முறை செய்து பார்த்தார். “அப்போ என் சொல் தப்பு. உங்க முதல் வரியும் தப்பு” என்று இரண்டையும் அடித்தார். பிரியம் என்ற பொருள் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தியதால் காந்தம் நின்றது; பாடத்தின் முதல் வரி ‘காந்தமும் இரும்பும் ஒன்றையொன்று இழுக்கும்’ என்று மாறியது.

சொல் தேடிப் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், அகராதியோடு நிறுத்திவிடாதீர்கள். நகைப் பட்டறையில் பாதத்தைத் தட்டிவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு பொட்டுத் தூசியைக்கூட வெளியே விடாத அந்த மனிதர், என் பாடத்துக்கு ஒரு புது முதல் வரியைச் சும்மா கொடுத்து அனுப்பினார்.