வண்டிக்குப் பின்னால் யுவஸ்ரீ

ஜீவானந்தம் மாமாவுக்கு மாதத்தில் ஐந்து நாள்தான் சேந்தமங்கலம். மிச்ச நாளெல்லாம் லாரி. பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர், முப்பத்தாறில் சொந்த வண்டி வாங்கி அதற்கு மகள் பெயரையே வைத்தார். யுவஸ்ரீக்கு இப்போது பத்து வயது. அவள் நடக்கத் தொடங்கிய செய்தி, நாக்பூரில் லோடுக்காக நின்றபோது அவருக்குப் போனில் வந்தது.

அப்பாவும் மகளும் சந்தித்துக்கொண்ட இடம் ஒரு செல்போன் விளையாட்டு. லாரி எங்காவது ஓரங்கட்டி நிற்கும் நாட்களில், மாலை ஐந்து மணிக்கு இருவரும் அதற்குள் வருவார்கள். அதை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும், வேறொன்று பார்த்துத் தரச் சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு வருடமாக வேலை தேடுகிறேன்.

"டவர் கம்மியா இருந்தாலும் ஓடோணும் அம்மிணி. சுடறது வெட்டறது வேண்டாம்," என்றார் மாமா.

"குதிரை இருக்கோணும்க்கா," என்றாள் யுவஸ்ரீ.

மூன்றைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் எல்லார் கையிலும் வாள். இன்னொன்று படமே வராமல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் மலை, ஆறு, சந்தை. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். யுவஸ்ரீ வைத்தியர் ஆனாள். மாமா பட்டியலை மேலும் கீழும் தள்ளிவிட்டு குதிரை வண்டிக்காரனைத் தொட்டார்.

"அங்கயும் போயி வண்டிதான் ஓட்டோணுமாக்கும்! ராஜா வேசமெல்லாம் சும்மா கெடக்குது," என்று சிரித்தார் அவர் மனைவி சுகன்யா அத்தை.

"ராஜாவுக்கு வழி தெரியாது புள்ள."

கடவுச்சொல் கேட்டது. மறக்காததாகச் சொல்லுங்கள் என்றேன். இருவரும் ஒரே குரலில் லாரி நம்பரைச் சொன்னார்கள். இருவர் கணக்குக்கும் அதையே போட்டேன்.

பதினோரு நாள் கழித்து ஒரிசா லோடு முடிந்து மாமா திரும்பினார். நான் போனபோது மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல வெளையாட்டுதான் அம்மிணி. முந்தியெல்லாம் இவ முன்னாடி ஓடிருவா. இந்த நாலு நாளா என்னை உட்டுப் பிரியாம பின்னாடியே வாரா. தமிழ்லயே டைப் பண்றா! பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள்.

"நான் வரவேயில்லப்பா. செல்லு உடைஞ்சு நாலு நாளா நாமக்கல் கடைல கெடக்குது. நீங்க வைவீங்கன்னு அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க."

மாமா கை தடவிய இடத்திலேயே நின்றது. பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார். அவள் எப்போதும் ஆங்கில எழுத்தில் அரைகுறையாகத்தான் அடிப்பாள். இங்கே முழுத் தமிழ். கொஞ்சமாகத்தான் பேசியிருந்தது.

"சாப்பிட்டீர்களா அப்பா."

"அங்கே மழையா அப்பா."

"வீட்டுக்கு எப்போது வருவீர்கள் அப்பா."

மாமா தேதியும் நேரமும் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே கடைசி வரி: "நான் பின்னாலேயே வருகிறேன்."

வெளியே வந்தேன். பட்டப்பகல். லாரியின் பின்பக்கம் மஞ்சள் எழுத்தில் யுவஸ்ரீ. அதன் கீழே சேந்தமங்கலம். அதன் கீழே நம்பர். விளையாட்டிலும் அவள் பெயர் யுவஸ்ரீதான், கடவுச்சொல் அந்த நம்பர்தான். எங்கோ டீக்கடையில் மாமாவின் கையிலிருந்த விளையாட்டை யாரோ பார்த்திருக்க வேண்டும். மிச்சத்தை நாங்களே வண்டியில் எழுதி அனுப்பியிருந்தோம். மூன்று வருடம் நான் படித்தது எதை?

தெருவைப் பார்த்தேன். கொல்லிமலை பஸ் போனது. ஒரு கார், இரண்டு பைக். எல்லாமே ஏதோ ஒன்றின் பின்னால்தான் வந்துகொண்டிருந்தன.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். கணக்கை அழித்தேன். "வெளையாட்டுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் அத்தை.

"அப்பறம் அப்பாவை நான் எங்க பாக்கறது?" என்றாள் யுவஸ்ரீ.

மறுபடி தேடினோம். வேறொரு விளையாட்டில், நாம் அழைக்கிற ஆள் மட்டும் நுழைகிற ஊர் ஒன்று கிடைத்தது; அதிலும் வைத்தியர், வண்டிக்காரன் வேடங்கள் உண்டு. கடவுச்சொல்லை இந்த முறை நான் கேட்கவில்லை, அவரவரே போட்டுக்கொண்டார்கள். மகளிடம் தினமும் வீட்டு விஷயமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அங்கே வண்டியை எடுப்பேன் என்றார் மாமா.

"நீங்க அப்பாதான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் அவள்.

அதை மாமா நினைத்திருக்கவில்லை. நானும்தான்.

பெயிண்டர் பெயரை அழித்துக் கொடுத்தார். வெயில் பட்டால் புதுப் பெயிண்டுக்கு அடியில் யுவஸ்ரீ இன்னும் தெரிகிறாள்.

மாமா கிளம்பிய மூன்றாம் நாள், ஐந்து மணி. சரிசெய்து வந்த செல்லோடு யுவஸ்ரீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புது ஊரில் வண்டி வந்து நின்றது. அவள் அடித்தாள்: ஊட்டுக்கு வந்தப்ப எந்தக் கைக்கு மருதாணி வெச்சு உட்டீங்க?

பதில் வரவில்லை. குதிரை வாலை ஆட்டிக்கொண்டே நின்றது.

"சிக்னல் இருக்காதாக்கா?"

அவள் தன் வைத்தியரை இரண்டு அடி பின்னுக்கு நகர்த்தினாள்.

பிறகு வந்தது: "ரெண்டு கைக்கும். வலது கைல இருந்ததை மூக்கு சொறிஞ்சு அழிச்சுப்புட்டே, சாமி."

சிரித்தாள். அவர் கேள்விக்கும் பதில் சொன்னாள். வண்டி புறப்பட்டது, பழையபடி அவள் முன்னால் ஓடினாள். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தாள். வண்டியை அல்ல, வண்டிக்குப் பின்னால்.