ரோசரி கலக்கிய வாந்தி

மலேசியாவின் பத்து காஜா ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ரோசரி. பிறகு ஈப்போவில் வீட்டிலிருந்தே சாப்பாடு சமைத்துக் கொடுத்தார். இளம் இயக்குநர் யுகேந்திரன் எடுத்த படத்தின் குழுவுக்கும் மதியச் சாப்பாடு அவர்தான். பள்ளிப் பிள்ளைகள் அடிக்கும் கூத்துதான் படத்தின் கதை. ஏப்பமும் குசுவும் தாராளமாக உண்டு.

ஒருநாள் யுகேந்திரன் தயங்கித் தயங்கி வந்தான்.

“அக்கா, நாளைக்கு ஒரு வாந்தி வேணும்லா. நடிக்கிற பொண்ணு சாந்தினி பஸ்ல வாந்தி எடுக்குற சீன். வாயில வச்சிக்கிறாப்பல இருக்கணும், பாக்க அசிங்கமா இருக்கணும்.”

“அத பாத்து சிரிப்பாங்களா?”

“விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“ஏன் தம்பி?”

அவன் தலையைச் சொறிந்தான். “தெரியலக்கா. ஆனா சிரிப்பாங்க.”

சாயங்காலம் ரோசரி ஓட்ஸைக் குழைய வேகவைத்து, பூசணியை மசித்து, கேரட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டார். கணவர் ஆம்புரோஸ் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தார்.

“உப்பு பத்தல.”

“வாந்திக்கு இது போதும்.”

ஆம்புரோஸ் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் படப்பிடிப்பு பஸ்ஸில் சாந்தினி அதைக் கூட நடித்த கிளென் என்ற பையனின் சட்டைமேல் கக்கினாள். குனிந்து பார்த்த கிளெனுக்குக் குமட்டியது. அவன் எடுத்தது நிஜ வாந்தி. பஸ்ஸே சிரித்துக் குலுங்கியது. பழக்கதோஷத்தில் வாளியோடு ஓடிய ரோசரியும் பாதியில் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அவருக்கே வியப்பாக இருந்தது. வார்டில் எத்தனையோ வாந்தியைத் துடைத்திருக்கிறார். அங்கே நோயாளிகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “மன்னிச்சிக்கங்கம்மா” என்பார்கள். ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

கிளெனுக்குத் தண்ணீர் கொடுத்துக் கேட்டார். “நாங்க சிரிச்சது சங்கடமா இருந்துச்சாப்பா?”

“இல்ல ஆண்டி, நானும்தானே சிரிச்சேன். எல்லாரும் சும்மா பாத்துக்கிட்டு நின்னிருந்தாதான் வெக்கமா போயிருக்கும்.”

படம் வெளியானபோது, அந்தக் காட்சியில் ரோசரி திரையைப் பார்க்கவில்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்து முகங்களைப் பார்த்தார். பெண்கள் கண்ணைப் பொத்தி, விரலிடுக்கால் பார்த்துச் சிரித்தார்கள். தியேட்டரே அலறியது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்ததும் வாசலில் ரோசரி அவரைப் பிடித்துவிட்டார். “அண்ணே, தப்பா நெனக்காதீங்க. வாந்தி சீனுக்கு நீங்க ஏன் சிரிக்கல?”

“எப்டிம்மா சிரிக்கிறது? நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். கழுவுறது யாரு, நாந்தானே?”

ரோசரியின் முகம் மலர்ந்தது. “நாத்தத்துக்கு என்னண்ணே போடுவீங்க?”

“காப்பித்தூள்தான். ஒருநாள் அவசரத்துல மொளகாத்தூள தூவிட்டேன். பஸ் பூரா ஒரே தும்மல்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். ரோசரி சுவரில் சாய்ந்துகொண்டார். கார் சாவியோடு காத்திருந்த ஆம்புரோஸ், இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.