மேல் அறைக்கு வெளிச்சம்

கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் மனுசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இருந்து வாசிக்க ஓர் அறை. வேலை செய்த காலம் முழுக்கப் புத்தகங்களை வாங்கி வாங்கி அலுமாரிக்குள் அடுக்கினாரே தவிர, ஒன்றையும் ஆறுதலாக விரித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கரவெட்டியில் எங்கள் வீட்டுக் கூரையை மாற்றியபோது, முகடு நல்ல உயரம், ஓட்டுக்குக் கீழே ஓர் அறை எடுக்கலாம் என்று மேசன் சொன்னார். மனுசனின் முகத்தில் அன்றைக்குத்தான் கலியாணக் களையைத் திரும்பப் பார்த்தேன்.

அறை நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் கூரை சரிந்து இடுப்பளவுக்கு வந்துவிடும். ஏறிப்போன முதல் நாளிலிருந்தே அவர் அதில் தலையை இடித்துக்கொண்டே இருந்தார்.

"ஓடு உடைஞ்சா மேசன் வருவார். மண்டை உடைஞ்சா ஆர் வாறது?" என்று நான் சிரித்தேன். சரிந்த கூரை என்றால் தலை இடிக்கத்தானே செய்யும்.

வெளிச்சம்தான் பெரிய வில்லங்கமாகப் போனது. நடுவில் பல்ப் தொங்கவிட்டால் தலையில் முட்டும். குனிந்து வாசித்தால் அவருடைய நிழலே புத்தகத்தில் விழும். சரிவில் வட்ட லைற் பூட்டினால் படியேறி வருகிறவரின் கண்ணில் அடிக்கும். நெல்லியடியில் ஒரு கடைக்குப் போனோம். நான் மஞ்சள் வெளிச்சம் கேட்டேன், வெள்ளை என்றால் ஆசுப்பத்திரி வார்டு மாதிரி இருக்கும் என்றேன். அவர் மஞ்சளையும் பார்க்கவில்லை, வடிவையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "இதிலை எது கூட வெளிச்சம்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார். கடைக்காரருக்கு முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் சுவரில் இரண்டு விளக்குகள் பூட்டினோம். காணாது, இன்னும் வெளிச்சம் வேணும் என்றார். முகட்டு வளை நீளத்துக்கு வெள்ளைப் பட்டி லைற் ஒட்டினோம். அதுவும் காணாது. "ஐயா, இனியும் போட்டா மேலை போற பிளேன் இறங்கீடும்" என்றார் வயரிங்காரர். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சண்டைக் காலத்திலை ஜாம் போத்தல் திரி விளக்கிலை முழுப் புத்தகம் வாசிச்ச ஆள்தானே நீங்கள்? இப்ப என்ன, சூரியனைக் கொண்டுவந்து கட்டவோ?"

கடைசியாக வளைகிற கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று வாங்கினோம். "இப்ப சரியப்பா. இது காணும்" என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு ஐப்பசி மழை நாள், பொழுதுபட்ட நேரம். தேத்தண்ணியோடு படியேறிக்கொண்டிருந்தேன். கறண்ட் போனது. கை கால் தெரியாத இருட்டு. தடவித் தடவி ஏறி வாசலில் நின்றேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும், உள்ளே அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். நான் அசையாமல் நின்றேன். இன்னொரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"தேத்தண்ணியோ? உதிலை வையும்."

"கறண்ட் இல்லையப்பா" என்றேன்.

அதன் பிறகு பக்கம் புரளவில்லை. புத்தகத்தை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நினைத்தேன்.

கண்ணின் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டது என்று, நான் கூட்டிக்கொண்டு போன கண் டொக்டர் சொன்னார். ஓரமெல்லாம் போய்விட்டது, நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் நல்ல வெயில் வெளிச்சத்தில்தான். போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காக்க மருந்து விடலாம், அவ்வளவுதான்.

"இருட்டுப்பட்டா தடக்குப்பட்டிருப்பாரே. வீட்டிலை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

சண்டையால் கறண்டும் மண்ணெண்ணெயும் இல்லாத அந்த வருடங்களில் நாங்கள் எல்லோரும் இருட்டில் நடக்கப் பழகியவர்கள். கிணற்றடிக்கும் குசினிக்கும் வெளிச்சமில்லாமல் போய்வந்தவர்கள். வேறு ஊரில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தால் பெண்சாதி பயந்திருப்பாள். நான் பெருமைப்பட்டேன். கறண்ட் போனால், நான் போனில் டோர்ச்சைத் தேடி எடுப்பதற்குள் அவர் குசினிக்குப் போய் நெருப்புப்பெட்டியும் மெழுகுதிரியும் கொண்டுவந்துவிடுவார். அதைக் கொழும்பிலிருக்கும் என் தங்கச்சிக்குச் சொல்லிப் புளுகியும் இருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் வைத்து, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"முதலிலை லைற்றிலைதான் பிழை எண்டு நினைச்சன். பிறகு தெரிஞ்சுது. சொன்னா, படியேறாதேங்கோ, அறை வேண்டாம் எண்டுவீர்."

சொல்லியிருப்பேன்தான். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபம் போன பிறகு வந்த துக்கத்துக்குக் கோபமே பரவாயில்லை.

போன கிழமை மழைக்காற்றில் பின்னேரம் திரும்பவும் கறண்ட் போனது. நாங்கள் கீழே விறாந்தையில் இருந்தோம். நான் எழும்ப முன்னமே அவர் எழும்பிவிட்டார்.

"இரும், நான் எடுத்துக்கொண்டு வாறன்."

மறிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கால்கள் ஒரு இடத்திலும் தடக்காமல் குசினிக்குப் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்து எனக்கு முன்னால் இருந்தார். நெருப்புக்குச்சியை உரசி, மற்றக் கையின் விரலால் திரியைத் தொட்டுப் பார்த்து, நெருப்பை அதில் வைத்துப் பிடித்தார். மெழுகுதிரி பற்றி, அவர் முகமெல்லாம் வெளிச்சம் விழுந்தது.

"பத்தீட்டுதோ?" என்று கேட்டார்.