கொலுவுக்கு அழைக்கப் போன இடத்தில் சொன்ன பொய்

எங்கள் அம்மாவுக்குப் பொய் பிடிக்காது. எனக்கோ ஐந்தாம் வகுப்பிலேயே அது நன்றாக வந்தது.

அம்மா தாம்பரத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். தொண்ணூறுகளின் நடுவில், எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவே பல இடங்களில் பயந்த காலத்தில், அவர்களுக்கான வார்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். செய்தி எப்படியோ எங்கள் சேலையூர் காலனிக்குள் வந்துவிட்டது. அந்த வருஷம் என் பிறந்தநாளுக்கு எடுத்துப்போன சாக்லேட் டப்பா பாதிக்கு மேல் வீடு திரும்பியது. மிச்சத்தை நானே தின்று தீர்த்தேன் என்பது வேறு விஷயம். அழுதுகொண்டேதான் தின்றேன்.

நவராத்திரி வந்தது. பட்டுப்பாவாடை கட்டி, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய்க் கொலுவுக்கு அழைப்பது காலனிப் பெண் குழந்தைகளின் வேலை. முதல் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. "பாக்கலாம்மா" என்றார்கள். வரமாட்டார்கள் என்று புரிந்துவிட்டது. இரண்டாவது வீட்டிலிருந்து ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன்: "அம்மாவ கண் வார்டுக்கு மாத்திட்டாங்க ஆன்ட்டி."

அன்று மாலை கூடம் நிரம்பிவிட்டது. அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எதிர்வீட்டு ஆன்ட்டி, "நல்லவேளை சிஸ்டர், அந்த வார்டுலேர்ந்து உங்கள மாத்திட்டாங்களாமே" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் ஒருமுறை தலையாட்டினால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். கண்ணாலேயே கெஞ்சினேன்.

"யாரும் மாத்தல. நானே கேட்டுப் போன வார்டு அது" என்றாள் அம்மா. "தொட்டா ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. படுத்த படுக்கையா வந்தவங்க எழுந்து நடந்து வீட்டுக்குப் போறத நான் பாக்கறேன். யாருக்காவது தேவைன்னா எப்ப வேணா வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதலில் எழுந்தது எதிர்வீட்டு ஆன்ட்டிதான். சுண்டலைத் தொடாமலே வைத்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டம். பின்வீட்டு டீச்சர் மட்டும் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "என் வேலையச் சொல்ல உனக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டாள். அடித்திருந்தால் தேவலை. இப்போதெல்லாம் அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று யாராவது கேட்டால் வார்டையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு பெருமை எனக்கு.

விஜயதசமிக்கு மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டு ஆன்ட்டி பின்வாசல் வழியாக வந்தார். சமையலறையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லி அழுதார். அம்மாவுக்கு அன்று லீவு. இருந்தும் யூனிஃபார்மை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத எதிர்வீட்டு அங்கிளை இருவருமாகக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்கள். சுண்டலை அவமதித்துவிட்டுப் போனவருக்கு இத்தனை உபசாரமா என்று எனக்கு ஒரே ஆத்திரம். அன்று கூடத்தில் அம்மாவின் பேச்சு யாருக்கு எல்லோரையும்விட அதிகம் தேவைப்பட்டதோ, அவர்தான் முதலில் எழுந்து ஓடியிருக்கிறார் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.