எந்தப் பக்கம் உட்கார்வது

அவள் பித்தப்பையில் கல் இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இதை வச்சுக்கிட்டு இத்தனை நாளா எப்படித் தைச்சீங்க?" என்று கேட்டார்.

"வயித்தாலயா தைக்கிறேன் டாக்டர், கையாலதானே?" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அடுத்த தடவை வலி வந்தா நீங்களா நடந்து வர மாட்டீங்க, தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க. ஆபரேஷனுக்குத் தேதி போடட்டுமா?"

"கொஞ்ச நாள் போகட்டும் டாக்டர்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

போன தடவை சொன்னதற்கும் இந்தத் தடவை சொன்னதற்கும் காரணம் ஒன்றுதான். வீட்டில் ஒன்பது வயதில் ஒரு மகள். பிறந்தபோது மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதால் கை, கால், கழுத்து எதுவும் சொன்னபடி கேட்காது. பேச்சும் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. கண்ணை மேலே உயர்த்தினால் சரி, இறுக மூடினால் முடியாது. இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா.

ஜட்ஜம்மாவுக்குச் சாப்பிடுவதுதான் பெரும்பாடு. எல்லாவற்றையும் குழைய மசித்து, சிறு கரண்டியில், ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அம்மா கொடுத்தால் இறங்கிவிடும். வேறு யார் கொடுத்தாலும் இருமல், புரையேற்றம். ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது அப்பா ஊட்டினார். உணவு நுரையீரலுக்குள் போய் நெஞ்சில் சளி கட்டி, குழந்தை ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்தது. அதற்குப் பிறகு அந்த மனுஷன் மகளின் கரண்டியைத் தொட்டதே இல்லை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் கம்பியைப் பிடித்து இறங்குகிற மெக்கானிக் அவர். அரைக் கரண்டி மசித்த காயைக் கண்டால் அறையை விட்டே நழுவிவிடுவார்.

ஆகவே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அவள்தான். பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைக்கும் வேலையைக் கடையிலிருந்து வீட்டுக்கு வாங்கி வந்ததும் அதனால்தான். மகள் சாப்பிட்டு முடித்த பிறகே தன் தட்டை எடுப்பாள். அதற்குள் அது ஆறி அவலாகியிருக்கும். "எனக்கு ஆறினதுதான் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி, அதைத் தானே நம்பவும் தொடங்கியிருந்தாள்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. கணவரின் அக்கா அவர், பஸ் கண்டக்டர். நெரிசலில் ஆட்களை நகர்த்தி நகர்த்தியே குரல் தடித்தவர். டூட்டி முடிந்து, பையைக்கூட இறக்காமல் வந்து நின்றார்.

"ஏன்டா, பொண்டாட்டி வயித்துல கல்லைக் கட்டிக்கிட்டு அலையுறா, நீ ஊர்ல இருக்குற லிஃப்டை எல்லாம் ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கியா?"

"அவதான்க்கா தேதியைத் தள்ளிப் போடுறா."

"ஏன் தள்ளிப் போடுறான்னு கேட்டியா?"

"ஜட்ஜம்மாவுக்கு யார் ஊட்டுறதுன்னுதான்க்கா," என்றார் அவர்.

"நாம ரெண்டு பேரும் ஊட்டப் பழகுறோம்," என்றார் அக்கா. பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ கதவுக்கிட்ட நிக்கிற. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற. வாயைத் தொறக்கக் கூடாது."

"அக்கா, அவளுக்குப் புரையேறிட்டா?"

"ஏறினா உடனே நிறுத்திடுவோம். நீ பக்கத்துலதானே இருக்கே? நீ ஆபரேஷன் டேபிள்ல கிடக்கும்போது ஏறுறதுக்கு இப்ப ஏறட்டும்."

அவள் கதவருகே போய் நின்றாள்.

ஜட்ஜம்மாவின் நாற்காலி சாப்பாட்டு அறையில், அவளுடைய வலப்பக்கம் சுவரோடு ஒட்டும்படி இருக்கும். அப்பா செய்த நாற்காலி. தலைக்கு அணை, மார்புக்குப் பட்டை, காலுக்குப் பலகை எல்லாம் உண்டு. ஒருமுறை குழந்தை விறைத்து உதறியதில் அது ஆட்டம் கண்டுவிட, அன்றைக்கே லிஃப்டுக்குப் போடுகிற போல்டுகளைக் கொண்டுவந்து சுவரோடு முடுக்கிவிட்டார். பூகம்பமே வந்தாலும் வீடு போகும், நாற்காலி போகாது.

அப்பா எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குழந்தைக்கு விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித் தந்தது எல்லாம் மனைவி வழியாகக் கேட்டு அவருக்கு மனப்பாடம். முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும், கரண்டி கீழிருந்து வர வேண்டும், அவசரம் கூடாது. எல்லாம் அப்படியே செய்தார். முதல் வாயிலேயே இருமல். துடைத்தார், காத்திருந்தார். அடுத்த வாயிலும் இருமல். கரண்டியை வைத்துவிட்டார்.

"ஜட்ஜம்மா, அப்பா வேண்டாமா?"

குழந்தை கண்ணை மூடவில்லை. கண்களை மேலே உயர்த்தியது. அப்பா வேண்டும். ஆனால் இறங்கவில்லை.

கதவருகே நின்றவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் தன் மகள் சாப்பிடுவதை அவள் ஓரமாக நின்று பார்த்ததே இல்லை. கரண்டிக்குப் பின்னால் இருக்கிறவளுக்குக் கரண்டி எப்படித் தெரியும்?

"இன்னொரு வாய் குடுங்க," என்றாள்.

"வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்," என்றார் அக்கா.

"குடுக்கச் சொல்லுங்கக்கா. வெறும் கரண்டி போதும்."

அவர் வெறும் கரண்டியை நீட்டினார். குழந்தையின் கண் கரண்டியைத் தேடி இடப்பக்கம் போனது. கண்ணோடு தலையும் போனது. தலை போனதும் கழுத்து விறைத்து முகவாய் மேலே தூக்கிக்கொண்டது. அண்ணாந்து கிடக்கிற தொண்டையில் எதைப் போட்டாலும் அது வழி தவறித்தான் போகும்.

அவள் தன் கையைப் பார்த்தாள். கடையில் அவளுக்கு இடக்கை என்றுதான் பெயர். அவள் கத்தரிக்கோலை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள், மற்றவர் கைக்கு அது வெட்டாது. சின்ன வயதில் அந்தக் கைக்காக வாங்காத அடி இல்லை. அந்தக் கை நீட்டும் கரண்டி குழந்தைக்கு வலப்பக்கமிருந்து, சுவரோரமாக வரும். அந்தப் பக்கம் திரும்பினால் கழுத்து இளகி, முகவாய் தானே தாழும்.

"என்னங்க, இந்தக் கையால குடுங்க."

"இடக்கையாலயா?"

"ஆமா. நான் அப்படித்தானே குடுக்குறேன்?"

அவர் கரண்டியை மாற்றிப் பிடித்தார். வெறும் கரண்டி வலப்பக்கமிருந்து போனது. குழந்தையின் தலை மெல்லத் திரும்பியது, முகவாய் தாழ்ந்தது. பிறகு கால் கரண்டி உணவு. விழுங்கியது. இருமல் இல்லை. மூவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வாய்க்காக ஜட்ஜம்மா கண்ணை உயர்த்தியது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது கூத்து. மனுஷன் இடக்கையால் காப்பி குடித்துப் பழகினார், சட்டையெல்லாம் காப்பி. இடக்கையால் சவரம் செய்து கன்னத்தில் பஞ்சோடு வேலைக்குப் போனார். குழந்தைக்கு ஊட்டும்போது பாதி வாய்க்கும் பாதி மூக்குக்கும் போனது. புரையேறவில்லை, ஆனால் முகம் முழுக்கப் பூசணிக்காய். வலியை மறந்து அவள் சிரித்தாள்.

அக்காவும் முயன்றார். இரண்டு வாய் தரையில் விழுந்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இவ வலப்பக்கம் உட்கார்ந்து குடுத்தா எந்தக் கையா இருந்தா என்ன?"

"அங்க சுவர் இருக்கே அக்கா."

"சுவரை நகர்த்த முடியாது. நாற்காலியை நகர்த்த முடியாதா?"

"அது போல்ட் போட்டது."

"போட்டது யாரு?"

தான் முடுக்கிய போல்டைத் தானே கழற்றலாம் என்பது தம்பியின் புத்திக்கு அதுவரை எட்டவே இல்லை. கையை மாற்றிக்கொள்ளப் போராடியவருக்கு நாற்காலியை மாற்றத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. சுவரைப் போலவே அந்த நாற்காலியும் அங்கேயே இருக்கும் என்று இருவரும் பழகிவிட்டார்கள்.

"நாள் பூரா 'நகருங்க, உள்ள இடம் இருக்கு'ன்னு கத்துறவ நான். என் வீட்டுலயே எவனும் நகர மாட்டேங்குறான்," என்றார் அக்கா. "எடுடா ஸ்பானரை."

நாற்காலி சுவரை விட்டு வந்தது. சாயாமல் நிற்க அப்பா அடியில் அகலமான இரும்புச் சட்டம் போட்டார். வலப்பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் மகளின் தலையை அணைத்துக்கொண்டு, வழக்கமான கையால் ஊட்டினார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை, இருமலும் இல்லை. பயிற்சிப் பெண்ணை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் ஒரு வேளை முழுக்க உடனிருந்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து, "இப்படியே குடுங்க. எப்பவும் அம்மாவே கூட்டிட்டு வந்து ஊட்டிக் காட்டினதால இது என் கண்ணுலயும் படல" என்றார். நல்ல மனுஷி, மழுப்பவில்லை.

தேதியை அவளே போய்க் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டாளா?" நர்ஸ் கைபேசியைக் காதில் வைத்தார். "முழுசா சாப்பிட்டா, இன்னும் வேணும்னு மேல பார்க்குறா. நீ கண்ணை மூடித் தூங்கு," என்றது கண்டக்டர் குரல். தூங்கினாள். அப்படிக் கவலையில்லாமல் தூங்கி எத்தனை காலம் ஆயிற்றோ.

வீடு திரும்பிய அன்று கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று மேசையின் எதிர்ப்பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். அவள் முன்னால் ஒரு தட்டு வந்தது. மகளைப் பார்த்தாள். அப்பா வலப்பக்கம், அத்தை பின்னால் துண்டோடு. கரண்டி போகிறது, தலை திரும்புகிறது, முகவாய் தாழ்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அத்தனை அடி வாங்கியும் மாறாமல் தாக்குப்பிடித்த தன் இடக்கைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு, ஸ்பானருக்கு ஒன்று, நாத்தனார் வாய்க்கு இரண்டு.

"வேடிக்கை பார்த்தது போதும், சாப்பிடு," என்றார் அக்கா.

கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே ஒரு கவளம் வாயில் போட்டாள். சுரீரென்று நாக்குச் சுட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னம்மா, தையல் வலிக்குதா?" என்று பதறினார் கணவர்.

"சுடுதுங்க," என்றாள் அவள்.

"சுடச்சுடப் போட்டா சுடாம என்ன செய்யும்? ஊதிச் சாப்பிடு," என்றார் அக்கா. "ஏன் ஜட்ஜம்மா, உங்கம்மாவுக்குச் சாப்பிடவே தெரியலையே, நாமதான் பழக்கணுமா?"

ஜட்ஜம்மா கண்ணை மேலே உயர்த்தியது.